வாரத்துக்குப் பதினொரு நடை

நாச்சிமுத்து தன் வீட்டு மிக்ஸியைத் தானே கெடுத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அடித்தட்டைக் கழற்றினார், உள்ளே ஒரு ஒயரை லேசாக இழுத்துவிட்டார், மறுபடி மூடி சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ஓடவில்லை. திருப்தியாக இருந்தது. வேறு சட்டை மாற்றி, தலையைச் சீவி, மிக்ஸியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முப்பத்தோரு வருஷம் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த மனுஷன். அந்த ஒயரைத் திரும்பப் பற்றவைக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் ரங்கநாயகியின் ரிப்பேர் கடைக்குப் போக வேறு என்ன காரணம் சொல்வது? ஐம்பத்தொன்பது வயதில், மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமான ஒருவர், 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்று ஒரு பெண்பிள்ளையின் கடை வாசலில் போய் நிற்க முடியுமா?

அவர் குடியிருந்த இடத்துக்கு நடைப்பேட்டை என்று பெயர். கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டிலிருந்து சற்று உள்வாங்கிய எண்பது ஏக்கர். ஒரு காலத்தில் அதில் பாதி பம்ப் கம்பெனி, மீதி ஒரு பிரம்மாண்டமான மாலும் அதன் கார் நிறுத்துமிடமும் நாலைந்து குடோன்களும். கம்பெனி ஊருக்கு வெளியே போய்விட்டது. ஜனங்கள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே வாங்கப் பழகியதில் மால் செத்தது. பத்து வருஷம் வேலிக்கருவை முளைத்துக் கிடந்த நிலத்தை மாநகராட்சி எடுத்து, ஆறாயிரம் பேர் வாழும் பேட்டையாக்கியது. உள்ளே வண்டி கிடையாது. "இனி இங்கே எல்லாரும் கால்நடைதான்" என்று திறப்பு விழாவில் ஓர் அதிகாரி வாய்தவறிச் சொல்ல, கூட்டம் சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

நாச்சிமுத்துவுக்குப் பழைய இடத்தின் மேல் ஏக்கம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ஒருவன் நடந்து போனால், ஒன்று வண்டியில் பெட்ரோல் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் போதை ஏறியிருக்கும். இப்போது புங்க மர நிழலில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ரங்கநாயகியைப் பார்த்ததே இந்த நடையினால்தான். நாலு மாதம் முன்பு நிஜமாகவே கெட்டுப்போன ஒரு டேபிள் ஃபேனோடு போனபோது பேச்சுவாக்கில் தெரிந்தது: ரங்கநாயகியும் அதே பம்ப் கம்பெனிதான். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்ஷனில் பத்தொன்பது வருஷம்.

"நானு அசெம்பிளிங்க" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப நான் சுத்துன காயிலெல்லாம் உங்க கைக்குத்தானுங்க வந்திருக்கும்!"

இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு மதில், ஒரு லாரி நிறுத்துமிடம். இருநூறு மீட்டர். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

ரங்கநாயகிக்கு ஐம்பத்து நாலு வயது. சின்ன வயதிலேயே கல்யாணம் முறிந்து, சட்டப்படி தீர்த்துக்கொண்டு, தனியாக நின்றவர். கடைக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் அவருக்கு 'அண்ணா'. ஃபேனுக்கு "சொல்லுங்ணா" என்றார். அயர்ன் பாக்ஸுக்கு "அதுக்குள்ளயுங்களாண்ணா?" என்றார். நாலாவது தடவை, சுவர்க் கடிகாரத்தோடு போனபோது, வெறுமனே "வாங்க" என்றார். 'ணா' இல்லை. நாச்சிமுத்து அன்று வீடு வரும் வழியில் தெரியாதவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டு வந்தார்.

கெடுக்கச் சாமான் தீர்ந்த பிறகு, ரிப்பேருக்குக் கொடுத்தது தயாரா என்று கேட்கப் போனார். தயாரில்லை என்றால் சாயங்காலம் மறுபடி போனார்.

இங்கேதான் மேஸ்திரி குறுக்கே வந்தது.

நடைப்பேட்டையில் கடைகளும் பள்ளிக்கூடமும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பெரிய பெட்டி. தரைக்கு அடியில் தண்டவாளம். தரையில் பதித்த கற்களுக்குக் கால் தெரியும். கைரேகை மாதிரி நடைக்கும் ஒரு ரேகை உண்டு, ஒருவர் நடை இன்னொருவருக்கு வராது. யார் எங்கே போகிறார், எத்தனை தடவை, எவ்வளவு தூரம் என்று அத்தனையும் ஓர் இயந்திரத்துக்குப் போகும். யாரும் தேவைக்கு மேல் நடக்காதபடி அது மாதா மாதம் கடைகளை இடம் மாற்றும். அதன் அலுவலகப் பெயர் மிக நீளம். ஜனங்கள் 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைகள் நகரும். தேர் பார்ப்பது போல எல்லாரும் வெளியே வந்து நின்று பார்ப்பார்கள். நகர்ந்த கடையின் கதவில் காரணத்தை ஒட்ட வேண்டும் என்பது விதி. எதையும் ஒளிக்கக் கூடாதாம்.

ஆடி மாத முதல் ஞாயிறு. நாச்சிமுத்து மூன்றாம் மாடி பால்கனியில் காப்பித் தம்ளரோடு நின்றார். மருந்துக்கடை நகர்ந்தது. ஒரு பழக்கடை ஊர்ந்து திரும்பியது. பிறகு, பச்சை வண்ணமடித்த ஒரு பெட்டி மூலை திரும்பி, ஆடாமல் அலுங்காமல் அவர் கட்டடத்தை நோக்கி வந்து, அவருடைய மாடிப்படிக்கு நேர் கீழே 'டக்'கென்று நின்றது. 'நாயகி ரிப்பேர் கடை.'

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

சந்தோஷம் அரை நிமிஷம் நீடித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு கீழே நின்று, கதவில் ஒட்டிய காகிதத்தைத் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். குழந்தைவேலு முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். அவருக்கு மெல்லப் பேச வராது.

"காரணம்! குடியிருப்பு எண் சி முன்னூத்தி நாலு! இந்தக் கடைக்கு வருகை, வாரத்துக்குப் பதினொண்ணு! ஒரு வருகைக்கு வீண்நடை அறுநூத்தி நாப்பது மீட்டர்! இனிமேல் இருபத்தி மூணு மீட்டர்!" நிமிர்ந்து மேலே பார்த்தார். "ஏனுங் நாச்சிமுத்து, முன்னூத்தி நாலு உங்க வீடுதானுங்களே? வாரத்துக்குப் பதினொரு தடவை அப்படி என்னதானுங்க கெட்டுப் போகுது?"

கூட்டம் மொத்தமும் மேலே பார்த்தது. கடைக்குள்ளிருந்து ரங்கநாயகியும் எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து காப்பித் தம்ளரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள் கழித்துப் பால் வாங்கக் கீழே இறங்கியபோது ரங்கநாயகி கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று தெரியும். எப்படிப்பட்ட கோபம் என்பதுதான் தெரியவில்லை.

"பதினொண்ணுங்களா?" என்றார் ரங்கநாயகி. "நான் எட்டுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"அது வந்துங்க…"

"அது கெடக்கட்டுமுங்க. ஊரு பேசுனா பேசிட்டுப் போகுது, எனக்கு இது புதுசா? ஆனா என்ற பொழப்பப் பாருங்க." கடையைக் காட்டினார். பெஞ்சில் ஒரே ஒரு மிக்ஸி இருந்தது. அது நாச்சிமுத்துவுடையது. "பழைய எடத்துல எதுக்கால லேடீஸ் ஹாஸ்டலு, பக்கத்துல மூணு மெஸ்ஸு. போறப்ப வர்றப்ப குடுத்துட்டுப் போவாங்க. இந்த மூலைக்கு யாருங்க கிரைண்டரத் தூக்கிட்டு வருவாங்க? மூணு நாளா ஒரு ஈ காக்கா இல்லீங்க."

நாச்சிமுத்து பால் பாத்திரத்தைப் பெஞ்சின் மேல் வைத்தார். "நான் போயிச் சொல்லிச் சரி பண்ணீர்றனுங்க."

"பண்ணுங்க" என்றார் ரங்கநாயகி. அந்தக் குரலில் 'அண்ணா'வும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

மேஸ்திரியின் அலுவலகம் பழைய மாலின் மாடியில் இருந்தது. பொறுப்பில் இருந்தவள் தஸ்லிமா, இருபத்தாறு வயதுப் பெண், உக்கடத்துக்காரி. நாச்சிமுத்து சொன்னதை முழுதும் கேட்டாள். நடுவில் இரண்டு தடவை சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சார், அது தப்பா எதுவும் செய்யல. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆளை அது கணக்குல எடுக்காது. மறுபடி மறுபடி வர்றவங்களுக்குத்தான் அந்தக் கடை அவசியம்னு நெனைக்கும். மிக்ஸி ரிப்பேருக்கு யாரு சார் மறுபடி மறுபடி வருவாங்க? நீங்க ஒருத்தர்தான். அதான் உங்க வாசல்ல கொண்டுவந்து நிறுத்திருச்சு."

"நான் நடக்க மாட்டேன்னு சொன்னனுங்களா? எனக்கு அந்த நடை வேணுமுங்கம்மா."

"அதுதான் அதுக்குப் புரியாது." தஸ்லிமா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். "ஆரம்பத்துல சித்திரை வெயில்ல நடக்க முடியலைன்னு ஜனங்க மனு மேல மனு போட்டாங்க. நடையைக் குறைன்னுதான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தோம். எந்த நடையைக் குறைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. பி பிளாக்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க பொண்ணோட ஸ்கூலுக்கு முன்னாடியெல்லாம் கால் மணி நேர நடை. இப்ப நாப்பது அடி. பொண்ணு ஸ்கூல்ல நடந்ததெல்லாம் அந்தக் கால் மணி நேரத்துலதான் சொல்லுவாளாம். வீட்டுக்கு வந்துட்டா வாயே திறக்கறதில்லையாம். பழைய தூரத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு எழுதியிருக்காங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"மேஸ்திரி பதில் போட்டுருச்சு. 'கோரிக்கை புரியவில்லை.'"

நாச்சிமுத்து கிளம்ப எழுந்தார்.

"கடையைத் திருப்பி அனுப்ப ஒரு வழி இருக்கு சார்" என்றாள் தஸ்லிமா. "உங்க கணக்கு சைபர் ஆகணும். ரெண்டு மாசம் உங்க கால் அந்தக் கடைப்பக்கமே போகக் கூடாது. அந்தப் பழைய எடத்துக்காரங்க அடிக்கடி போகணும். அப்பத்தான் நகரும்."

"கடை என்ற படிக்கட்டுக்குக் கீழயே நிக்குதுங்களே!"

"பின்பக்கம் தீ விபத்துக்குன்னு ஒரு இரும்புப் படி இருக்கு" என்றாள் அவள். "முட்டி தாங்குமா?"

முட்டி தாங்கவில்லை. ஆனாலும் நாச்சிமுத்து இரண்டு மாதம் அந்த இரும்புப் படியில்தான் ஏறி இறங்கினார். பாலுக்கும் அதில்தான், பேப்பருக்கும் அதில்தான், குப்பை போடவும் அதில்தான். காலையில் குழந்தைவேலு கூப்பிட்டால் பின்பக்கச் சந்திலிருந்து பதில் வரும். மூன்று மெஸ்ஸுக்கும் ஏறி இறங்கினார். கவுண்டர் மெஸ்ஸின் சமையல்காரர் ராமன் கேட்டார், "கிரைண்டரு நல்லாத்தானுங்க ஓடுது, அங்க எதுக்குப் போறது?"

"சும்மா போங்க. தினம் ஒரு நடை போயி, சௌக்கியமான்னு கேட்டுட்டு வாங்க. உங்களுக்கு அவசரத்துக்குக் கிரைண்டர் நின்னு போச்சுன்னா யாரு வருவா? கடை அந்தக் கோடியிலயே இருந்தா நூறு பேருக்கு மாவு எப்படிங்க ஆட்டுவீங்க?"

ராமன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை அக்கறை இருக்கற நீங்களே போலாமில்லீங்?"

"நான் போனா கெட்டுப் போயிருமுங்க" என்றார் நாச்சிமுத்து. அதற்கு மேல் விளக்கவில்லை.

ஹாஸ்டல் வார்டனிடமும் பேசினார். பெண்கள் ஹேர் டிரையர், கெட்டில், ஹெட்போன் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஜன்னல் திரையை ஒதுக்கி மேலிருந்து பார்ப்பார். கடை முன்னால் நாலு பேர் நின்றால் அன்று சாப்பாடு இறங்கும். ரங்கநாயகி நிமிர்ந்து பார்ப்பது போலிருந்தால் திரையை விட்டுவிடுவார். சில சாயங்காலம் கீழே ரங்கநாயகி சிரிப்பது கேட்கும். இருபத்து மூன்று மீட்டர். முன்பு அறுநூற்று நாற்பது மீட்டரில் இருந்தபோது இதைவிடப் பக்கத்தில் இருந்தார்.

புரட்டாசி முதல் ஞாயிறு, பச்சைப் பெட்டி அசைந்து, திரும்பி, மூலையில் மறைந்தது. கதவில் ஒட்டிய காரணத்தைக் குழந்தைவேலு படித்தார்: மூன்று மெஸ்ஸுகள், ஒரு ஹாஸ்டல். நாச்சிமுத்து பால்கனியில் நின்று கைதட்டினார். குழந்தைவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. ஒரு தடவை போனால் அது ஒன்று. ஒன்று இரண்டாகும். தன்னைத் தனக்கே தெரியாதா? வாரத்துக்குப் பதினொன்று போன கால். ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்த கால். இரும்புப் படியே பழகிவிட்டிருந்ததால் அதிலேயே போய் வந்தார். முன்படி பக்கம் எட்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தஸ்லிமா போன் செய்தாள். "சார், உடனே ஆபீஸுக்கு வர முடியுமா?"

போனார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அடுத்த ஞாயிறு நகரப்போகும் கடைகளின் பட்டியல். நாலாவது வரி: நாயகி ரிப்பேர் கடை. போகுமிடம்: சி பிளாக், மாடிப்படி.

"நான் போகவே இல்லீங்கம்மா!" நாச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு மாசமா, இல்லீங்க, மூணு மாசமாவே அந்தத் தெசைப் பக்கம் கால் வெக்கலை. என்ற நடையக் கூட வேணுமின்னா எடுத்துப் பாருங்க!"

"நீங்க இல்ல சார்."

"அப்புறம் யாரு?"

"கடைக்காரங்க நடையும் நடைதானே." தஸ்லிமா திரையில் ஒரு கோட்டைத் தொட்டாள். "அவங்க வாரத்துக்கு ஆறு தடவை, சாயங்காலம் கடையை மூடிட்டு, உங்க மாடிப்படி வரைக்கும் வர்றாங்க. சராசரியா நாலு நிமிஷம் நிக்கறாங்க. மேல ஏறாம திரும்பிப் போயிடறாங்க. அவங்களுக்கு இந்த எடம் தேவைன்னு மேஸ்திரி முடிவு பண்ணிருச்சு."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். அவர் பின்பக்க இரும்புப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அதே சாயங்காலங்களில், முன்பக்கம் ஒருத்தர் நாலு நாலு நிமிஷமாக நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நிறுத்த முடியுமுங்களா?"

"அவங்க வர்றதை நிறுத்தினா நிறுத்தலாம்" என்றாள் தஸ்லிமா. "யாராவது போய் அவங்ககிட்ட வராதீங்கன்னு சொல்லணும்."

இப்படி ஒரு சேதியைச் சொல்ல யாரும் இத்தனை வேகமாக நடந்திருக்க மாட்டார்கள். புங்க மரங்களையும் பழக்கடையையும் தாண்டி, மெஸ் வாசலில் நின்ற ராமனுக்குக் கையைக்கூட ஆட்டாமல் நாச்சிமுத்து போய் நின்றபோது, ரங்கநாயகி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"நீங்க வராதீங்க!" என்றார் நாச்சிமுத்து, மூச்சு வாங்க.

ரங்கநாயகி ஷட்டரை விட்டார். "எங்கீங்க?"

"என்ற வீட்டுப் படிக்கட்டுக்கு. ஆறு தடவையாமுங்க வாரத்துக்கு. மறுபடியும் கடையத் தூக்கி அங்க வெக்கப் போகுது அந்த மெஷினு."

ரங்கநாயகியின் முகம் சிவந்தது. இறங்காத ஷட்டரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு நேராக நின்றார். "நன்றி சொல்லலாமின்னு வந்தனுங்க. மெஸ்ஸு ராமண்ணன் எல்லாத்தையும் சொல்லிப்போட்டாரு. நான் போனா கெட்டுப் போயிருமின்னு நீங்க சொன்னீங்களாமே. படிக்கட்டு வரைக்கும் வந்தா, மூணு மாடி ஏறி என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு தெரியல. சரி, எப்படியும் எறங்கி வருவீங்கன்னு நின்னு பார்த்தேன். நீங்க எறங்கவே இல்ல."

"நானு பின்னால எறங்கிட்டிருந்தனுங்க."

ஒரு கணம் விட்டு ரங்கநாயகி சிரித்தார். நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது. ஹாஸ்டல் பெண்கள் இரண்டு பேர் ஒரு கெட்டிலோடு வந்து, பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று நழுவினார்கள்.

"சரிங்க, நீங்களும் வரப்படாது, நானும் வரப்படாது" என்றார் ரங்கநாயகி. "அப்ப என்னதானுங்க பண்றது?"

நாச்சிமுத்து யோசித்தார். முப்பத்தோரு வருஷம் இயந்திரங்களோடு பழகியவர். எந்த இயந்திரத்துக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சும்மா சுற்றும்.

"ஒரு எடத்துக்குப் போனாத்தானுங்க அதுக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "எடமே இல்லாம நடந்தா?"

"எடமில்லாமன்னா?"

"ஒரு நாளைக்கு இந்தப் பக்கம், ஒரு நாளைக்கு அந்தப் பக்கம். எங்க கெளம்பறம், எங்க திரும்பறமுன்னு எதுவும் வெச்சுக்காம. நீங்க சொல்ற பக்கம் நானு வர்றேன்."

ரங்கநாயகி ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினார். கடைச் சாவியை முந்தானையில் முடிந்தார். "இன்னிக்குக் குளத்துப் பக்கம் போலாமுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாயகி ரிப்பேர் கடை நகரவில்லை. ஐப்பசி முழுக்கப் பழைய இடத்திலேயே நின்றது. தினமும் ஐந்தரைக்குக் கிளம்புவார்கள். ஒரு நாள் பழைய லாரி நிறுத்துமிடம், ஒரு நாள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி, ஒரு நாள் இரண்டு தடவை ஒரே தெரு. பி பிளாக் அம்மா ஒரு நாள் இவர்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போயிருந்த மகளை மறுபடி வெளியே கூட்டிக்கொண்டு வந்து, அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தார். அந்தப் பெண் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், தபால்நிலையத் திருப்பத்தில் நாச்சிமுத்துவின் போன் அடித்தது. தஸ்லிமா.

"சார், உங்க ரெண்டு பேரால இங்க ஒரே தலைவலி. தினம் மூணு கிலோமீட்டர் நடக்கறீங்க. எதைக் கிட்டக் கொண்டுவந்து வெச்சா உங்க நடை குறையும்னு மேஸ்திரிக்குத் தெரியல. ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கு. 'நடையின் நோக்கம்'னு ஒரு கட்டம் காலியாக் கெடக்கு. நான் எதையாவது நிரப்பியாகணும். என்ன போடட்டும்?"

நாச்சிமுத்துவுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற ரங்கநாயகியிடம் கேட்டார்: "நாம எதுக்கு நடக்கறமுன்னு கேக்கறாங்க. என்னங்க சொல்றது?"

ரங்கநாயகி இரண்டு தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் முடிவாகலைன்னு போடச் சொல்லுங்க" என்றார். "பேசிட்டிருக்கறமுன்னும் சேத்துப் போடச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் இடப்பக்கத் தெருவில் திரும்பினார். நாச்சிமுத்து போனில் அதை அப்படியே ஒப்பித்துவிட்டு, முட்டியை மறந்து, எட்டி நடந்து போய் அவரோடு சேர்ந்துகொண்டார்.